எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் வீட்டில் வெளிச்சம் கூட்டுவது எப்படி?

வாடகை வீடு. அறைக்கு ஒரே ஒரு சீலிங் லைட். சமையல் மேடையில் நின்றால் சொந்த நிழலே குறுக்கே விழுகிறது. படிக்க உட்காரும் மூலை மங்கல். ராத்திரியில் படுக்கையறையிலிருந்து பாத்ரூமுக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. சுவரைக் கொத்தாமல், எலக்ட்ரீஷியன் வராமல் இதற்கெல்லாம் வழி உண்டா என்பது உங்கள் கேள்வி.

உண்டு. நீங்கள் சொன்ன மூன்று இடத்துக்குமே உண்டு. ஒரு எல்லையை மட்டும் முதலிலேயே போட்டுக்கொள்வோம். பிளக்கில் செருகுவது, ஹோல்டரில் மாட்டுவது, பேட்டரியில் எரிவது ஆகிய மூன்றும் நம் கையில். ஸ்விட்ச் போர்டைக் கழற்றுவது, சீலிங் ரோஸிலிருந்து (சீலிங்கில் லைட்டுக்கு வயர் இறங்கும் வட்ட மூடி) வயர் இழுப்பது, சுவருக்குள் ஓடும் வயரில் புதிதாக ஒன்றை முறுக்கி டேப் சுற்றுவது போன்றவை இந்தப் பதிலில் வராது. வீடியோவில் ஐந்து நிமிடத்தில் செய்துகாட்டிவிடுவார்கள். முறுக்கிவிட்ட ஜாயிண்ட் தளர்ந்து சூடேறுவது வீடியோ முடிந்து பல மாதம் கழித்து, யாரும் பார்க்காத நேரத்தில்தான் நடக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சின்ன சோதனை. இருட்டிய பிறகு வழக்கமாகப் போடும் லைட்டையெல்லாம் போட்டுவிட்டு, ஃபோன் டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு, நீங்கள் வேலை செய்யும் இடங்களில் எப்போதும்போல நில்லுங்கள், உட்காருங்கள். எங்கே டார்ச்சைப் பிடித்தால் ‘அப்பாடா’ என்று இருக்கிறதோ அங்கேதான் லைட் வேண்டும். எந்த உயரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து பிடித்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்து பார்த்தால் பலருக்கும் ஒன்று தெரிந்துவிடும்: அறையே இருட்டு என்று நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் இருட்டாக இருப்பது இரண்டு மூன்று இடங்கள்தான். அங்கேயும் பாதி நேரம் பல்புக்கும் வேலைக்கும் நடுவில் நம் தலை இருப்பதுதான் பிரச்சினை.

சீலிங்கில் இருக்கிற பல்பைப் பெரிதாக்கினால் போதாதா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் வெளிச்சம், தூரம் இரண்டு மடங்கானால் கால் பங்காகக் குறைந்துவிடும். எல்லாத் திசையிலும் சமமாக வீசும் 800 லூமென் பல்பு ஒன்று மேஜைக்கு 2 மீட்டர் மேலே இருந்தால், மேஜைமேல் நேரடியாக வந்து விழுவது சுமார் 16 லக்ஸ். அதே பல்பை அரை மீட்டருக்கு இறக்கினால் 250 லக்ஸ். (பல்பு மொத்தமாகக் கக்கும் வெளிச்சத்தின் அளவு லூமென்; அதில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ்.) சுவரும் சீலிங்கும் திருப்பி அனுப்புவதால் நிஜத்தில் மேஜைக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்தான். ஆனால் படிக்க, தைக்க, கத்தி பிடித்து நறுக்க 300 முதல் 500 லக்ஸ் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதை மேலே இருக்கும் ஒற்றை பல்பை வைத்தே எட்ட நினைத்தால் அறை முழுக்கக் கண் கூசும், மேஜைமேல் விழும் நிழல் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே நான் கீழே சொல்வதெல்லாம் ஒரே யோசனையின் பல வடிவங்கள்: விளக்கை வேலைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. சுவருக்குள் கைவைக்காமல் செய்யக்கூடியதும் அதுதான்.

இருக்கிற ஹோல்டரில் செய்யக்கூடியவை

அதற்காகச் சீலிங் பல்பை அப்படியே விட்டுவிட வேண்டாம். முதல் வேலை, ஸ்விட்சை அணைத்து, பல்பு ஆறியபின், மூடியைக் கழற்றித் துடைப்பது. கண்ணாடி மூடிக்குள் செத்த பூச்சியும் தூசியும் படிந்து, வெளிச்சம் குறைந்துகொண்டே வந்ததை நாம் கவனித்தே இருக்கமாட்டோம்.

பல்பு மாற்றுவதாக இருந்தால் அட்டையில் வாட்டைப் பார்க்காமல் லூமெனைப் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது சுமார் 800 லூமென், 100 வாட் பல்பு தந்தது சுமார் 1600. இன்று 800 லூமெனுக்கு 9 வாட் எல்இடி போதும். ஹோல்டரிலோ ஷேடிலோ ‘அதிகபட்சம் 60 வாட்’ என்று எழுதியிருந்தால் அது சூட்டுக்கான வரம்பு. பல்பு நிஜமாக எத்தனை வாட் இழுக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. 15 வாட் எல்இடி போட்டு 1500 லூமென் வாங்கிக்கொள்ளலாம், வரம்பு மீறாது. ஒரே ஒரு எச்சரிக்கை: காற்றுப் புகாத கண்ணாடிக் கிண்ணத்துக்குள் எல்இடி பல்பு போட்டால், அதன் அடியில் இருக்கும் சின்ன சர்க்யூட் சூட்டில் வெந்து சீக்கிரம் போய்விடும். மூடிய ஃபிட்டிங்குக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிம்மர் இருக்கும் ஸ்விட்ச் என்றால், டிம் செய்யக்கூடிய பல்பா என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் மினுக்கும், முனகும்.

ஹோல்டரின் அடிப்பாகம் எது என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இரண்டு காது வைத்து அமுக்கித் திருப்புவது பி22, மரை வைத்துச் சுழற்றுவது இ27. மாற்றி வாங்கிவிட்டாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சிறிய அடாப்டர் உண்டு.

நிறமும் உண்டு. 2700 முதல் 3000 கெல்வின் என்றால் மஞ்சள் சாயல், 4000 சாதாரண வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. வேலை செய்யும் இடத்துக்கு 4000, ஓய்வெடுக்கும் இடத்துக்கு 2700 என்பது என் விருப்பம். எல்லா இடத்திலும் 6500 போட்டுக்கொள்பவர்கள் உண்டு. ‘பளிச்’ என்று இருக்கும்தான், ஆனால் ராத்திரியில் ஹால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும். எதை எடுத்தாலும் ஒரே பார்வையில் தெரியும் லைட்டுகளுக்குள் நிறத்தைக் கலக்காதீர்கள்; அறையே அழுக்காகத் தெரியும். நிறம் பார்த்துச் செய்யும் வேலை, அதாவது துணி, தையல், மேக்கப், ஓவியம் இருந்தால் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண், அதிகபட்சம் 100) 90க்கு மேல் உள்ள பல்பாக வாங்குங்கள். வழக்கமான 80 சிஆர்ஐ பல்பில் முதலில் அடிவாங்குவது சிவப்புதான். அதனால்தான் சில பல்புக்குக் கீழே முகமே வெளிறித் தெரிகிறது.

ஒரு ஹோல்டரில் இரண்டு பல்பு மாட்டும் ஒய் வடிவ அடாப்டர் பற்றியும் கேட்பார்கள். எடை குறைந்த எல்இடி பல்புகளோடு, திடமாகப் பொருத்திய, தலைகீழாகத் தொங்கும் ஹோல்டரில் போடலாம். வயரில் ஆடிக்கொண்டிருக்கும் ஹோல்டரிலோ, சுவரிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஹோல்டரிலோ வேண்டாம். எடை ஒரு பக்கம் இழுத்து உள்ளே தொடுமுனை சரியாக உட்காராமல் பொறி தட்டும். பல்பு ஹோல்டரில் மாட்டி, அதிலிருந்து பிளக் பாயிண்ட் எடுக்கிற சாமான் ஒன்று உண்டு. அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஹோல்டருக்கு வருவது இரண்டே வயர், எர்த் கிடையாது. நாம் லைட்டுக்காகத்தான் மாட்டுவோம், பிறகு வீட்டில் யாராவது அதில் அயர்ன் பாக்ஸைச் செருகுவார்கள்.

பழைய டியூப் லைட்டை எல்இடி டியூபாக மாற்றும்போது கவனம். சிலவற்றில் ஸ்டார்ட்டரை மட்டும் கழற்றி, கூடவே வரும் டம்மியைப் போட்டால் போதும். சிலவற்றுக்கு உள்ளே இருக்கும் சோக்கை விலக்கி வயரிங்கையே மாற்ற வேண்டும். அட்டையில் படம் போட்டிருப்பார்கள். படத்தில் வயரை வெட்டிக் காட்டியிருந்தால் அது நம் வேலை இல்லை.

பிளக்கில் செருகும் விளக்குகள்

அறை முழுக்க மங்கலாக இருக்கிறது என்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு, மேல்நோக்கி வெளிச்சம் வீசும் ஃப்ளோர் லேம்ப். 1500 முதல் 2000 லூமென் இருந்தால் நல்லது. மூலையில் நிறுத்திவிட்டால் வெளிச்சம் சீலிங்கில் பட்டு அறை முழுக்கச் சிதறி இறங்கும். பல்பு நேராகக் கண்ணில் படாது, நிழலும் கறுப்பாக விழாது. சீலிங் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். மரப்பலகை அடித்த அல்லது அடர்நிறம் பூசிய சீலிங் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

படிக்கும் மூலைக்கு இது போதாது. அங்கே கழுத்தை வளைக்கக்கூடிய டேபிள் லேம்ப்போ ஸ்டாண்ட் லேம்ப்போ வேண்டும். ஷேடின் கீழ்விளிம்பு, நீங்கள் உட்கார்ந்த நிலையில் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் பல்பு கண்ணில் குத்தாது. எழுதுகிறவர் என்றால் எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரட்டும், வலதுகைக்காரருக்கு இடப்பக்கம். கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் என்றால் லேம்ப்பைத் திரைமேல் படாமல் மேஜைப் பரப்பின்மேல் திருப்புங்கள். படிப்பவர் தலைக்குப் பின்னால் உயரத்தில் விளக்கை வைப்பது படத்தில் அழகாக இருக்கும், நிஜத்தில் பக்கத்தின்மேல் தலைநிழல் விழும்.

தரையில் இடமில்லை என்றால் பிளக் வைத்த சுவர் விளக்கும், நீண்ட வயரும் அதிலேயே ஸ்விட்சும் வரும் தொங்கு விளக்கும் கிடைக்கின்றன. தொங்கு விளக்குக்குச் சீலிங்கில் ஒரு கொக்கி மட்டும் போதும், வயரைச் சுவரோரமாகக் கொண்டுவந்து பிளக்கில் செருகிவிடலாம். எடையைக் கொக்கி தாங்கவேண்டும். செருகிய வயர் விறைப்பாக இழுபடக் கூடாது. ஓட்டை போடுவதாக இருந்தால், ஸ்விட்சுக்கும் சாக்கெட்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடாதீர்கள். சுவருக்குள் வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். ஒட்டும் கொக்கியில் விளக்கைத் தொங்கவிடுவது பற்றி ஒரு வார்த்தை: சுவரில் தாங்கும் எடையைப் பாக்கெட்டில் போட்டிருப்பார்கள், அது செங்குத்துப் பரப்புக்கு. சீலிங்கில் அந்தக் கணக்கு செல்லாது.

வாங்கும்போது விளக்கின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் உள்ள சாதனம், எர்த் தேவையில்லை, இரண்டு வயரே போதும். உடம்பு உலோகம், அந்தச் சதுரக் குறியும் இல்லை, எர்த் இணைப்பும் இல்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உள்ளே வயர் உரசி உலோகத்தைத் தொட்டால் ஷாக் அடிப்பது அந்த வகைதான்.

சமையல் மேடைக்கு எல்இடி ஸ்ட்ரிப்

மூன்றில் உங்களுக்கு அதிகப் பலன் தரப்போவது இதுதான், கொஞ்சம் கணக்கும் இதில்தான் உண்டு. அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஸ்ட்ரிப் என்பது சின்னச் சின்ன எல்இடிகளை வரிசையாகப் பதித்த, பின்பக்கம் பசை உள்ள நாடா.

மேடைக்கு மேலே சுவர் அலமாரி இருந்தால் அதன் அடிப்பக்கம்தான் சரியான இடம். ஆனால் பலர் ஸ்ட்ரிப்பைச் சுவரை ஒட்டிப் பின்விளிம்பில் ஒட்டிவிடுகிறார்கள். அப்போது சுவர்தான் ஜொலிக்கும், நறுக்கும் பலகை இருட்டாகவே இருக்கும். அலமாரியின் முன்விளிம்புக்குப் பக்கமாக, விளிம்புப் பட்டைக்கு உள்ளே மறைவாக ஒட்டுங்கள். வெளிச்சம் கைக்கு முன்னால் விழும், நிற்பவர் கண்ணிலும் படாது. மேடை பளபளப்பான கல் என்றால் ஒவ்வொரு எல்இடியும் புள்ளிபுள்ளியாக அதில் பிரதிபலிக்கும். பால்நிற மூடி போட்ட அலுமினியம் சேனலுக்குள் ஸ்ட்ரிப்பை வைத்தால் அந்தத் தொந்தரவு போகும். அலுமினியம் சூட்டையும் இழுத்துக்கொள்ளும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதும் சுலபம்.

இனி அளவு. வண்ணம் மாறும் ஸ்ட்ரிப் வேலைக்கு உதவாது, ஒற்றை வெள்ளை நிறம் வாங்குங்கள். ஒரு மீட்டருக்கு 120 எல்இடி உள்ள, 2835 என்று குறியிட்ட வகை பெரும்பாலும் மீட்டருக்கு 9.6 வாட் இழுக்கும். உங்கள் மேடை 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 28.8 வாட். அடாப்டரை அதே அளவுக்கு வாங்கக் கூடாது. எப்போதும் முழு மூச்சில் ஓடினால் சூடேறிச் சீக்கிரம் சாகும். இருபது சதவீதமாவது கூடுதல் வேண்டும். 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் என்றால் 36 வாட், சரியாக இருக்கும். ஸ்ட்ரிப் 12 வோல்ட் என்றால் அடாப்டரும் 12 வோல்ட்தான் இருக்கவேண்டும். 24 வோல்ட் ஸ்ட்ரிப்பை 12 வோல்ட்டில் போட்டால் எரியவே எரியாது, அல்லது மங்கலாகத் தெரியும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 24 வோல்ட்டில் போட்டால் அன்றோடு முடிந்தது.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் போதும், ஆனால் கண்ட இடத்தில் வெட்டக் கூடாது. ஸ்ட்ரிப்பில் சில எல்இடிக்கு ஒருமுறை ஒரு கோடும், அதன் இருபுறமும் செம்புத் திட்டுகளும் இருக்கும். 12 வோல்ட் வகையில் வழக்கமாக மூன்று எல்இடிக்கு ஒருமுறை. அந்தக் கோட்டில் வெட்டினால் இரண்டு துண்டும் உயிரோடு இருக்கும். துண்டுகளை இணைக்கச் சால்டரிங் தெரியவேண்டியதில்லை. அமுக்கிப் பூட்டும் கிளிப் கனெக்டர் கிடைக்கிறது. செம்புத் திட்டு கிளிப்பின் பல்லுக்கு நேர்கீழே உட்கார்ந்திருக்கிறதா, கூட்டல் குறி கூட்டல் குறியோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றி இணைத்தால் எரியாது. கழற்றிச் சரியாகத் திருப்பி மாட்டினால் பெரும்பாலும் வெளிச்சம் வந்துவிடும். புதிதாக ஒட்டியவர்கள் ‘பாதி எரிகிறது, பாதி எரியவில்லை’ என்று சொன்னால் பத்துக்கு ஒன்பது முறை குற்றவாளி இந்தக் கிளிப்தான்.

நீளம் 5 மீட்டரைத் தாண்டினால் கடைசிப் பகுதி மங்கிவிடும். ஸ்ட்ரிப்பில் இருக்கும் மெல்லிய செம்புப் பட்டையிலேயே வோல்டேஜ் இறங்கிவிடுவதுதான் காரணம். இரண்டு முனையிலிருந்தும் கரண்ட் கொடுக்கலாம், அல்லது 24 வோல்ட் வகைக்குப் போகலாம். அதில் அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதியாவதால் இறக்கமும் குறையும்.

பின்னால் இருக்கும் பசையை மட்டும் நம்பி அடுப்பங்கரையில் ஒட்டினால் சில வாரத்தில் ஒரு முனை தொங்கும். ஒட்டும் முன் அலமாரியின் அடியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்தபின் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இன்னொருமுறை துடையுங்கள். எண்ணெய்ப் படலம் போனால்தான் பசை பிடிக்கும். அப்படியும் நடுநடுவே கிளிப் போட்டுவிடுவது நல்லது. அடுப்புக்கு நேர் மேலே ஒட்டவேண்டாம், அந்த இடைவெளியை வயரால் தாண்டிவிடுங்கள். அடாப்டரைச் சிங்க்கிலிருந்து தள்ளி, காற்றாடும் இடத்தில் வையுங்கள்; துணிக்குள்ளோ பாத்திரங்களுக்குப் பின்னாலோ திணிக்காதீர்கள். ஒட்டும் முன் சரியாக எரிகிறதா என்று சோதிப்பீர்கள். அப்போது சுருளைப் பிரிக்காமலே நெடுநேரம் எரியவிடாதீர்கள், சூடு வெளியேற வழியில்லாமல் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

இவ்வளவு கணக்கு வேண்டாம் என்றால் பிளக்கோடு வரும் எல்இடி பார் லைட் இருக்கிறது. ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டே போகலாம். எத்தனை வரை என்று பெட்டியில் போட்டிருக்கும். நீளத்தை மேடைக்கு ஏற்றபடி வெட்டமுடியாது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிவிக்குப் பின்னால் ஒட்டும் யூஎஸ்பி ஸ்ட்ரிப் வேறு விஷயம். டிவியின் யூஎஸ்பி துளை பழைய வகை என்றால் 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட்தான் தரும். பின்சுவரில் மெல்லிய ஒளி வர அது போதும், அறைக்கு வெளிச்சம் வராது.

ராத்திரி நடக்கும் வழி

பாத்ரூம் போகும் வழிக்கு வயரே வேண்டாம். பேட்டரியில் ஓடும் மோஷன் சென்சர் லைட் போதும். ஆள் வந்தால் எரியும், போனால் சில நொடியில் அணையும். இந்தச் சென்சர் உடம்புச் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் தன் பார்வைக்குள் இடம் மாறுவதைக் கண்டுபிடிக்கிறது. அதனால் நேராகச் சென்சரை நோக்கி நடந்து வருபவரைவிட, குறுக்கே கடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். நடைவழியின் கடைசிச் சுவரில் எதிர்த்தாற்போல் ஒட்டுவதைவிடப் பக்கச் சுவரில் ஒட்டுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வேலை செய்யாது. சூடான காற்று வீசும் இடத்துக்கு எதிரே வைத்தால் ஆள் இல்லாமலே எரியும்.

உயரம் கணுக்கால் அளவில் இருக்கட்டும். தரையும் படியும்தான் தெரியவேண்டும், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் கண்ணில் வெளிச்சம் அடிக்க வேண்டியதில்லை. இங்கே 2700 கெல்வின் மஞ்சள்தான் சரி. தெரியும் அளவுக்கு மேல் பிரகாசம் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் ஒன்று, வழியின் நடுவில் ஒன்று, பாத்ரூம் வாசலில் ஒன்று. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள் என்பேன். மாடிப்படி இருந்தால் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் கட்டாயம் வேண்டும். கால் தப்புவது பெரும்பாலும் அங்கேதான்.

சார்ஜ் எத்தனை நாள் நிற்கும் என்பதை நாமே கணக்குப் போடலாம். 1500 மில்லி ஆம்பியர் அவர், 3.7 வோல்ட் லித்தியம் செல் என்றால் ஐந்தரை வாட் அவர். 1 வாட் லைட் தொடர்ந்து எரிந்தால் ஐந்தரை மணி நேரம். ஒருமுறைக்கு 20 நொடி, ஒரு நாளைக்கு 30 முறை எரிந்தால் தினம் பத்து நிமிடம்தான் ஆகிறது. காகிதத்தில் ஒரு மாதம் வரும். சென்சர் விழித்துக்கொண்டே இருக்கச் செலவாகும் மின்சாரத்தையும் கழித்தால் அதைவிடக் குறையும். பகலில் எரியாத வகையா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பகல் நடமாட்டத்திலேயே சார்ஜ் தீர்ந்துவிடும். காந்தத்தில் ஒட்டும் வகை வசதி. சுவரில் ஒரு தகடு மட்டும் ஒட்டியிருக்கும், விளக்கைப் பிடுங்கிச் சார்ஜ் போட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம். துணி அலமாரி, ஸ்டோர் ரூம் இரண்டுக்கும் இதே சாமான்தான்.

பாத்ரூமுக்குள்ளும் கண்ணாடிக்குப் பக்கத்தில் கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரி விளக்கே போதும். தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு ஐபி44 ஆவது இருக்கட்டும் (தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண் இது). எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போகும் யோசனை யாருக்கு வந்தாலும் தடுத்துவிடுங்கள். பால்கனியும் வாசலும் சோலார் விளக்குக்கு ஏற்ற இடம். பேனல் தனியாகவும் விளக்கு தனியாகவும் வரும் வகை என்றால் பேனலை வெயிலில் வைத்துக்கொண்டு விளக்கை நிழலில் மாட்டலாம். மழை நேராக அடிக்குமிடத்துக்கு ஐபி65 பாருங்கள்.

ஸ்விட்ச் எங்கே?

பிளக் விளக்குகளின் உண்மையான குறை இதுதான். கதவருகே ஒரு ஸ்விட்சைத் தட்டினால் எல்லாம் எரியாது. ஒவ்வொன்றாகப் போய்ப் போடவேண்டும், இரண்டே வாரத்தில் சலித்துவிடும். ரிமோட்டோடு வரும் பிளக் சாக்கெட் இருக்கிறது, வாசலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் பேட்டரி ஸ்விட்சும் இருக்கிறது. இரண்டுமே வயரைத் தொடாமல் வேலையை முடித்துவிடும். ஸ்மார்ட் பல்பு வாங்கினால் சுவர் ஸ்விட்ச் எப்போதும் போட்டே இருக்கவேண்டும், யாராவது பழக்கதோஷத்தில் அணைத்தால் ஃபோனில் அந்தப் பல்பு காணாமல் போய்விடும். வைஃபை வகைகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் சேரும். வீட்டில் எல்லோரும் ஃபோனை வைத்து லைட் போடமாட்டார்கள், ஆகவே என் ஓட்டு சாதாரண ரிமோட் சாக்கெட்டுக்கே.

வாங்கியபின் ஃபோன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைப் பாருங்கள். பட்டைபட்டையாக அலையடித்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குகிறது. நடைவழியில் இருந்தால் பரவாயில்லை, படிக்கும் மேஜையில் தலைவலி வரவழைக்கும். மாற்றிக்கொள்ளுங்கள்.

வயர் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்

பத்து வாட் விளக்குகள் பத்து சேர்ந்தாலும் 100 வாட்தான்; 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட இல்லை. ஆகவே ‘லோடு தாங்குமா’ என்ற கவலை எல்இடிக்குத் தேவையில்லை. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது: அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே ஹீட்டரையோ கெட்டிலையோ செருகுவது, ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ் எடுப்பது, வயரைக் கம்பளத்துக்கு அடியில் விடுவது, கதவிடுக்கில் நசுங்க விடுவது, ஆணியை மடக்கி வயரைச் சுவரில் அழுத்துவது. கம்பளத்துக்கு அடியில் ஓடும் வயர் மிதிபட்டு இன்சுலேஷன் கிழிந்தால் யாருக்கும் தெரியாது. சுவரோரமாக ஒட்டும் பிளாஸ்டிக் கேசிங்குக்குள் விடுங்கள், வேண்டுமானால் சுவர் நிறமே பூசிவிடலாம். பிளக்கோடு வரும் வளையும் வயரைச் சுவருக்குள்ளோ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலோ கொண்டுபோகக் கூடாது. பல நாடுகளின் வயரிங் விதிகளும் இதைத் தடுக்கின்றன.

புதிதாக மாட்டியதை ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பிளக்கையும் அடாப்டரையும் தொட்டுப் பாருங்கள். அடாப்டர் வெதுவெதுப்பாக இருப்பது சகஜம். பிளக் சுட்டால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது, அந்தச் சாக்கெட்டைப் பயன்படுத்தாதீர்கள்.

ஸ்விட்சையோ விளக்கின் உடம்பையோ தொட்டால் சுர்ரென்று இழுப்பது, ஹோல்டர் கறுத்திருப்பது, பிளாஸ்டிக் கருகும் வாடை, எம்சிபி (லோடு கூடினால் தானே அணையும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுவது, வீடு முழுக்க லைட்டுகள் ஒன்றாக மங்கி ஏறுவது, இவற்றில் எது இருந்தாலும் கூடுதல் விளக்கு யோசனையை ஒத்திவைத்துவிட்டு எலக்ட்ரீஷியனையும் வீட்டு உரிமையாளரையும் கூப்பிடுங்கள். அப்படி ஒருநாள் அவர் வருவதாக இருந்தால், தளர்ந்த சாக்கெட்டுகளை மாற்றிவிடச் சொல்லுங்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்து ஷாக்கிலிருந்து காக்கும் சாதனம்) இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உரிமையாளர் ஒத்துக்கொண்டால் சமையல் மேடைக்கு மேலே, அலமாரிக்குள் மறைவாக, ஸ்விட்சோடு ஒரு பிளக் பாயிண்ட் கேளுங்கள். நீங்கள் ஒட்டிய ஸ்ட்ரிப்பின் அடாப்டர் அதற்குள் போய்விடும்.